தாளக்காரர் வராத கச்சேரி

என் காதைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் இருந்தது. உடம்பின் மற்ற பாகங்கள் விஷயத்தில் அப்படி எதுவும் கிடையாது. முழங்கால் மாடிப்படியைக் கண்டதும் யோசிக்கும். கண்ணுக்கு இரண்டு கண்ணாடி. ஒன்றைத் தேட இன்னொன்று வேண்டும். ஆனால் காது வேறு. ஆரணியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் எட்டு விசைத்தறிகள் ஓடும் கொட்டகை இருக்கிறது. முன் அறையில் பேப்பர் படித்துக்கொண்டே, மூன்றாவது தறியில் ஊடைநூலை இழுத்து ஓடும் நாடா சரியாகப் போகவில்லை என்று சொல்லிவிடுவேன். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். இதை வைத்தே ஊரில் பெயர் வாங்கியவன்.

இப்பேர்ப்பட்ட காதுக்குக் கைப்பேசியில் பாட்டுப் போடுவது பாவம் என்று ஐம்பத்திரண்டு வயதில் தோன்றியது. அதற்குக் காரணம் படிப்பு. கண்ணாடிக் குழாய் வைத்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரில் இசைத்தட்டு கேட்பவர்கள் இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்கிறதாம். மிருதங்கக்காரர் மோதிரம் போட்டிருக்கிறாரா என்பதுகூடத் தெரிகிறதாம். அவர்களுக்கே இவ்வளவு கேட்டால் எனக்கு என்னவெல்லாம் கேட்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அவசரமாகப் போளூருக்கு பஸ் ஏறினேன்.

போளூரில் கல்யாண மைக்செட்டுகளுக்கு ஆம்ப்ளிஃபயர் கட்டித் தரும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். நாற்பது வயது, அளந்து பேசுகிற மனிதர். ட்ரான்ஸ்ஃபார்மரை அவரே சுற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சால்டரிங்கை நான்தான் செய்வேன் என்று அடம்பிடித்தேன். அவர் விதித்தது ஒரே நிபந்தனை: ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். உள்ளே ஓடுவது முன்னூறு வோல்ட். இரண்டு கையும் பட்டால் நடுவில் இருப்பது இதயம். லுங்கிக்குப் பாக்கெட் இல்லையே என்றேன். “அப்ப பேன்ட் போட்டுகினு வாங்க சார்” என்றார். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்குள் நான் பேன்ட் போட்டது அப்போதுதான்.

தட்டு சுழலும் பெட்டிக்கு நாலு காலிலும் கழிவுப் பட்டு நூலைச் சுருட்டி மெத்தை வைத்தேன். இருந்தும் தறி ஓடும் நாளில் முள் தட்டின் மேல் நிற்காது, குதிக்கும். ஆகவே கேட்க முடிந்தது அமாவாசையன்று மட்டும். அன்றைக்குத்தான் எங்கள் ஊரில் தறிக்கு லீவு.

முதல் அமாவாசைக்கு மெக்கானிக்கையும் வரவழைத்து ஒரு பழைய நாதஸ்வரத் தட்டைப் போட்டேன். வால்வுகள் இரண்டும் செக்கச் சிவந்தன. நாதஸ்வரம் கணீரென்று வந்தது, தவில் நெஞ்சில் விழுந்தது. ஆனால் தாளத்தைக் காணோம். அந்தச் சின்ன வெண்கலத் தாளம் பக்கத்து நாற்காலியில் தட்டுவது போல இருக்கும் என்று இதே தட்டைப் பற்றி எழுதியிருந்தார்கள். தாளக்காரர் அன்றைக்கு ரெக்கார்டிங்குக்கு வரவில்லை போலும் என்றேன். மெக்கானிக் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நல்லாத்தானே கேட்கிறது என்றார். தன் வேலையில் குறை ஒப்புக்கொள்ளாத ஆள் என்று முடிவு செய்தேன்.

அடுத்த அமாவாசைக்கு முள்ளை மாற்றினேன், அதற்கடுத்ததற்கு வால்வுகளை. தாளக்காரர் வரவில்லை. கடைசியில் மெக்கானிக்கிடம், மேல் சத்தத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஏற்றுங்கள் என்றேன். வேண்டாம் என்றார், நான் விடவில்லை. ஒரு கெப்பாசிட்டரை மாற்றி, ட்ரெபிள் குமிழைக் கடைசி வரை திருப்பினார். சமையலறையிலிருந்து என் மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வந்தாள். சுவரில் இருந்த பல்லி ஜன்னல் வழியாக வெளிநடப்பு செய்தது. எனக்கு மட்டும் இப்போதுதான் கொஞ்சம் சுமாராக இருந்தது.

பல் கூசுகிறது, அந்தத் தாளத்தை நிறுத்துங்கள் என்றாள். இவளும் மெக்கானிக் கட்சியா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பொய்யை அம்பலப்படுத்த ஒரு பரீட்சை வைத்தேன். இருவரும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது, தாளம் விழும்போதெல்லாம் விரலைத் தூக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நேரத்தில் தூக்குவார்கள், மாட்டிக்கொள்வார்கள் என்பது என் கணக்கு.

முள்ளை வைத்தேன். அவள் கிழக்குச் சுவரைப் பார்த்து நின்றாள், அவர் மேற்குச் சுவரை. இரண்டு விரல்களும் ஒன்றாக உயர்ந்தன, ஒன்றாக இறங்கின. மறுபடி உயர்ந்தன. ஒரே தறிப் பாவில் கட்டிய இரண்டு இழை போல, ஒரு தடவைகூடப் பிசகவில்லை. அவை உயர்ந்த இடத்திலெல்லாம் எனக்கு ஒன்றுமே இல்லை.

முன்னூறு வோல்ட்டுக்கு ஒரு கையை ஒளித்து வைத்தவனுக்கு இதற்கு எதை ஒளிப்பது என்று தெரியவில்லை. தட்டு முடிந்து முள் நடுவில் உரசிக்கொண்டிருந்தது. மெக்கானிக் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தபடியே நின்ற என் மனைவியைப் பார்த்தார். அவள் திரும்பினாள்.

“இப்ப நான் இன்னா சொன்னேன்?”

நீ எங்கே பேசினாய் என்றேன்.

“டீ போடட்டுமான்னு ரெண்டு வாட்டி கேட்டேன். அவருக்குக் கேட்டுச்சு. எத்தினி வருஷமா உங்க எதிர்ல வந்து நின்னே பேசிகினு இருக்கேன்? எதுக்குன்னு நெனச்சீங்க?”

மரியாதை என்று நினைத்திருந்தேன். மெக்கானிக் குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு, டீ குடிக்காமலே கிளம்பிப் போனார்.

வேலூரில் காது டாக்டர் ஒரு கோடு வரைந்த தாளைக் காட்டினார். கோடு பாதி தூரம் நேராகப் போய், பிறகு கிணற்றில் விழுந்திருந்தது. கனத்த சத்தம் எல்லாம் கேட்கும், மெல்லிய மேல் சத்தம்தான் போய்விட்டது, தறி இரைச்சலில் வருஷக்கணக்காக இருப்பவர்களுக்கு இப்படித்தான், போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். ஆக, நாடா தட்டுவது எனக்குக் கேட்டதில் ஆச்சரியமில்லை. இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டது, மிச்சமிருந்த காதை வைத்து. திரும்பும் பஸ்ஸில், கண்ணமங்கலம் தாண்டியதும் அவள் ஜன்னலை விட்டு முழுசாக என் பக்கம் திரும்பி, ராத்திரிக்கு உப்புமா போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். அவள் உதட்டை நான் எவ்வளவு கவனமாகப் பார்க்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கொட்டகைக்குக் காது மூடிகள் வாங்கி வந்தேன். யாரும் தொடவில்லை. எங்களிடம் பதினெட்டு வருஷமாகத் தறி ஓட்டுகிறவர், காதை மூடினால் இழை அறுவது எப்படிக் கேட்கும் என்று சிரித்தார். தன் காதைப் பற்றி அவருக்கும் ஒரு பெருமை. என் வாயிலிருந்து வந்த பேச்சுத்தான் அது.

அடுத்த அமாவாசைக்கு அவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். என் மனைவியை ஒரு சுவர், அவரை ஒரு சுவர் பார்க்க நிற்க வைத்து, அதே தட்டைப் போட்டேன். அவளுடைய விரல் உயர்ந்தது, இறங்கியது, உயர்ந்தது. அவர் தலையை மெல்ல ஆட்டி ரசித்துக்கொண்டு நின்றார். கை தொடையிலேயே இருந்தது.

“நாயனம் சூப்பரா கீது, ஓனர்” என்றார் திரும்பி. “தாளக்காரர்தான் வரல போல.”

காது மூடியை எடுத்து முதலில் என் தலையில் மாட்டிக்கொண்டேன், பிறகு இன்னொன்றை அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்காமல் என் மனைவியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு இன்னும் முடியவில்லை. அவள் சுவரைப் பார்த்தபடி விரலைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தாள்.