குளத்துக்குள் நின்ற பேருந்து நிறுத்தம்

நெடுஞ்சாலையின் தடம் மாறினால் பழைய தடத்திலுள்ள பலகைகளையும் கூடவே மாற்ற வேண்டும். அதுதான் முறை. இப்படிப்பட்ட முறைகளைப் பிறருக்கு எடுத்துச் சொல்லியே அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவன் நான்.

எங்கள் ஊர்க் குளம் பல வருடங்கள் வறண்டு கிடந்தது. மாநில நெடுஞ்சாலை அதன் குறுக்கே போயிற்று. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஆற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்து குளம் நிறைந்ததும் சாலையைக் கரைமேல் ஏற்றினார்கள். பேருந்து நிறுத்தப் பலகையை மட்டும் மறந்துவிட்டார்கள். அது இடுப்பளவுத் தண்ணீரில், உச்சியில் ஒரு கொக்குடன் நின்றது.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கரையில் நின்று கை காட்டினாள். நடத்துனர் படியிலிருந்து சொன்னார்: "ஸ்டாப்பிங் அங்க இருக்குதுங்கக்கா. அங்க நின்னா நிறுத்தறேன்."

"அங்க நின்னா மீனுதானுங்க ஏறும்!"

"டிக்கெட் எடுத்தா அதையும் ஏத்திக்கறேனுங்க."

விசில் ஊதிவிட்டார். அவள் அடுத்த நிறுத்தம்வரை நடந்து, வேறு பேருந்து பிடித்துப் போவதற்குள் கம்பெனி கேட்டைப் பூட்டிவிட்டார்கள். மூன்றாவது முறை அப்படி ஆனபோது, இன்னொரு நாள் தாமதமானால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அன்று மாலை என்னிடம் வந்தாள். "ஏனுங்க சார், அந்தப் போர்டைப் புடுங்கிக் கரையில நட்டா என்னங்க?"

"கவர்மெண்ட் சொத்து அம்மிணி. தொட்டா கேஸாயிரும். மனு போட்டிருக்கறேன், பொறு."

"நீங்க பொறுங்க. உங்களுக்குப் பென்சன் ஊட்டுக்கே வருது."

மனு, வரைபடம், மூன்று பிரதிகள், ஒப்புகைச் சீட்டு, அப்புறம் நினைவூட்டல். எல்லாம் முறைப்படி போயின. அந்த ஞாயிற்றுக்கிழமை செக்கிங் பெண்கள் ஐந்து பேர் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினார்கள். நான் குடையுடன் கரையில் நின்று தடுத்தேன். அவர்கள் பலகையைக் கரையில் நட்டபோது, அது வண்டி வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லி வைத்தேன். திருப்பி நட்டார்கள்.

மறுநாள் பேருந்து நின்றது. நடத்துனர் பலகையை நிமிர்ந்து பார்த்தார். "இப்பச் சரிங்க," என்றார். அவள் ஏறிப் போனாள். அதன்பின் ஒருநாளும் தாமதமில்லை.

என் மனுவுக்குப் பதிலும் வந்தது. நேரில் ஆய்வு செய்ததில் பலகை கரைமேல் உரிய இடத்திலேயே இருப்பதாகவும், இனி உண்மைக்குப் புறம்பான மனுக்களைத் தவிர்க்குமாறும் எழுதியிருந்தார்கள். அது என் கைக்குக் கிடைத்த நாள் ஆடிப் பதினெட்டு; அன்று எதைத் தொடங்கினாலும் பெருகும் என்பார்கள், மனுவானாலும் சரி.