எங்கள் புல்லில் பற்றிய தீ

கல்யாணத்தின்போது அம்மா எனக்குச் சீதனமாகக் கொடுத்தது ஒரு செவலைப் பசு. சின்னமனூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த புகுந்த வீட்டுக்கு என்னோடு நடந்தே வந்தது.

அந்த வருஷம்தான் ஊரை ஒட்டிய மலைச்சரிவை வெள்ளைக்கார சர்க்கார் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தின் பொறுப்பில் விட்டிருந்தது. பஞ்சாயத்தார் முதல் வேலையாக அங்கே மாடு மேய்க்கக் கூடாது என்றார்கள். புல் வளரட்டும், பங்குனிக் கடைசியில் வீட்டுக்கு ஓர் அரிவாள் என்று எல்லாரும் அறுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதுவரை மாடு எதைத் தின்னும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் அவர்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

மாசியிலேயே வைக்கோல் தீர்ந்துவிட்டது. பசுவை விற்க மாமனார் கூடலூர் மாட்டுத் தரகரிடம் பேசிவிட்டார். அவர் வழியாக மலையாளச் சீமைக்குப் போகிற மாடு கறிக்குத்தான் போகிறது என்று எனக்குத் தெரியும். புல் அறுக்கும் நாள் வரை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"வர்ற வாரம் வாறேன்னு தரகரு சொல்லிட்டாக. மலையில நிக்கிற புல்ல நம்பி மாட்டப் பட்டினி போடச் சொல்றியா, ஆத்தா?"



மறுநாள் மத்தியானம் சரிவில் புகை கிளம்பியது. எங்கள் ஊரில் காட்டுத் தீ என்றால் வேடிக்கைதான். வனக்காவலர் வந்து அதட்டி இழுத்துப் போனால் ஒழிய யாரும் அணைக்கப் போனதில்லை. சர்க்கார் காடு, சர்க்கார் நட்டம். இளம்புல் முளைக்கட்டும் என்று தீ வைத்தவர்களே ஊரில் உண்டு. அன்றும் எல்லாரும் நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்து நின்றார்கள். பஞ்சாயத்தாரும் நின்றார்கள். மாமனார் வெற்றிலை மடித்துக்கொண்டே, "நல்லாப் பிடிச்சிருச்சுப்பா" என்று ரசித்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. புது மருமகள் என்பதையும் மறந்து கத்தினேன்.

"மாமா, அங்கன எரியிறது சர்க்கார் காடில்ல. நம்ம புல்லு!"

வெற்றிலை அவர் கையிலிருந்து விழுந்தது. அந்த வயதில் அவர் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவே இல்லை. அவருக்குப் பின்னால் ஊரே ஓடியது. பச்சைக் கொப்புகளை ஒடித்து ஆணும் பெண்ணுமாக அடித்தோம். பொழுது சாயும் முன் தீ அடங்கியது. சரிவில் பாதிக்கு மேல் மிஞ்சியது. கரி படிந்த முகங்களைப் பார்த்து ஒருவருக்கொருவர் சிரித்துக்கொண்டோம். எனக்கு அந்த மலை சொந்தமானது அன்றைக்குத்தான்.

இனியும் விட்டுவைத்தால் ஆபத்து என்று பஞ்சாயத்தார் மறுநாளே அரிவாளுக்கு அனுமதி கொடுத்தார்கள். எங்கள் கொல்லையிலும் ஒரு புல் போர் எழுந்தது.

மாமனாருக்குக் காயம் ஒன்றும் இல்லை. ஆனால் எண்ணெய் தடவி முறுக்கி வளர்த்த மீசையில் ஒரு பக்கம் கருகிவிட்டது. மறுபக்கத்தையும் சிரைத்துக்கொண்டு வந்தார். இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை.

தரகர் சொன்னபடி வந்து நின்றார். கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். மாமனார் வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

"இதோட தீனிக்காக மீசையவே குடுத்துட்டு நிக்கிறேன். மாட்ட எப்படிய்யா குடுப்பேன்?"