மூன்றாவது மிதி

என் தம்பியைப் பட்டறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘அப்புறம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியில் என்ன கோளாறு என்று வந்தவர் சொல்லி முடித்ததும், “அப்புறம்?” என்பான். இன்னும் கொஞ்சம் சொல்வார்கள். மறுபடியும் “அப்புறம்?” முதலில் சொன்னதற்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று கடைசியில் வாயிலிருந்து விழும். அதைப் பிடித்துக்கொண்டுதான் பானெட்டைத் திறப்பான். கல்யாணப் பேச்சின்போது, “எங்களுக்குச் சம்மதம்” என்ற வருங்கால மாமனாரிடமும் வாய் தவறி “அப்புறம்?” என்று கேட்டுவிட்டான். பையன் இன்னும் என்னவோ எதிர்பார்க்கிறான் என்று மனிதர் முகம் சுருங்கிப்போனது. நான்தான் இடையில் புகுந்து சரிசெய்தேன்.

பட்டறையின் முன்னறையில் கார் சீட்டுகளுக்கு உறை தைப்பது என் வேலை. போன மாதம் ஒரு பெரியவரும் அவர் மகனும் என்னிடம் உறைக்காகத்தான் வந்தார்கள். வண்டியை விற்கப் போகிறார்களாம். பார்வைக்குப் பளிச்சென்று இருந்தால் போதும் என்றார் மகன். மலிவான துணி ஒன்றைத் தொட்டுக் காட்டினார். பெரியவர் துணியைப் பார்க்கவே இல்லை. சாவியைக் கைக்குள் மூடி வைத்திருந்தார்.

நான் பின் சீட்டை அளந்துகொண்டிருந்தபோது தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“நல்லா வச்சிருக்கீங்களே ஐயா, ஏன் விக்கிறீங்க?”

“முட்டியில ஆபரேஷன் பண்ணின காலு. முன்ன மாதிரி மிதிக்க முடியல.”

“அப்புறம்?”

மகன் முந்திக்கொண்டார். “நேத்து சிக்னல்ல ஒரு சைக்கிள்காரரை இடிக்கப் பாத்துட்டாருங்க. நூலிழையில தப்பிச்சோம். பிரேக் பிடிக்கலன்னு ஏற்கெனவே வேற ஒரு பட்டறையில பேடெல்லாம் மாத்தியாச்சு. அப்புறமும் இப்படின்னா வண்டி மேல தப்பில்லையே.”

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். “இவன் அம்மாவை வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்மா” என்றார் என்னிடம். “வரும்போது பின்னாடி படுத்துக்கிட்டே வருவா. என் ஓட்டுதான் அவளுக்குக் குலுங்காது.”

“நான் வேணாம்னா சொல்றேன்? உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா அம்மாவுக்கு யாருப்பா?” மகனின் குரல் உடைந்தது. அவர்மீதும் குற்றம் சொல்ல முடியாது.

தம்பி பெரியவர் பக்கம் திரும்பினான். “ஐயா, பிரேக் பிடிக்கலன்னு சொன்னது நீங்களா?”

“நான் பிரேக் இறங்கலன்னேன். இவன் அங்க போய் பிடிக்கலன்னு சொல்லிட்டான்.”

“ரெண்டும் ஒண்ணுதானே” என்றார் மகன்.

“இல்லீங்க. பிடிக்கலன்னா சக்கரத்துகிட்ட பாப்போம். இறங்கலன்னா பெடல்கிட்ட பாக்கணும். அவங்க நீங்க சொன்னதுக்கு வேலை செஞ்சிருக்காங்க. சரி, எப்ப இறங்கல? அப்புறம்? சொல்லுங்க ஐயா.”

பெரியவர் யோசித்தார். “காலியான ரோட்டுல ஒண்ணும் தெரியாது. நெரிசல்லதான். முதல் மிதி சுமாரா இறங்கும். ரெண்டாவது கெட்டி. மூணாவது கல்லு.”

தம்பியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் கண்டேன். மகனை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லி, இன்ஜினை ஓடவிட்டு அடுத்தடுத்து மிதிக்கச் சொன்னான். மூன்றாவது மிதிக்கு மகனின் முதுகு சீட்டில் அழுந்தியது. “என்ன இது, என் காலுக்கே இறங்கலயே” என்றார்.

காலின் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்க பூஸ்டர் என்று உருண்டையான டப்பா ஒன்று இருக்கிறது. இன்ஜின் அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சாவிட்டால் மொத்தப் பாரமும் காலுக்குத்தான். இன்ஜினை நிறுத்தி, பெடல் கெட்டியாகும்வரை மிதிக்கவைத்து, காலை எடுக்காமல் மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னான் தம்பி. சரியாக இருந்தால் பெடல் காலோடு தானாகக் கொஞ்சம் தாழும். தாழவில்லை.

அவன் குழாயை அடியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே போனான். கிளிப்புக்குப் பக்கத்தில் ஓரிடத்தை அழுத்திப் பிடித்ததும் இன்ஜினின் சத்தம் மாறியது. அதுவரை பூனை சீறுவதுபோல் வந்துகொண்டிருந்த ‘ஸ்ஸ்’ நின்றது. மேலே இருந்து பார்த்தால் தெரியாத வெடிப்பு. குழாயையும், காற்றை ஒரே பக்கமாக விடும் சின்ன வால்வையும் புதிதாக மாட்டினான். திரும்பவும் அதே சோதனை. இந்த முறை பெடல் தாழ்ந்தது.

“அப்ப என் காலு?” என்றார் பெரியவர், மெதுவாக.

“வண்டியில இருந்த கோளாறு இது. காலைப் பத்தி டாக்டர்தான் சொல்லணும். கேட்டுட்டு வந்து ஓட்டுங்க.” நல்ல பேர் கிடைக்கும் இடத்தில்கூட இல்லாததைச் சொல்ல மாட்டான் என் தம்பி.

மகன் அன்று தானே வண்டியை எடுத்துப் போனார். உறையை அப்புறம் பார்க்கலாம் என்றார்.

நான்கைந்து நாள் கழித்து அதே வண்டி வாசலில் வந்து நின்றது. நின்றதே தெரியவில்லை, அவ்வளவு பதமாக நின்றது. பெரியவர் ஓட்டுநர் பக்கமிருந்து இறங்கினார். பக்கத்து இருக்கையில் மகன் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“டாக்டர் கால அமுக்கிப் பாத்துட்டு ஓட்டலாம்னுட்டாரும்மா” என்ற பெரியவர், இம்முறை துணிகளை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். “பின் சீட்டுக்கு மட்டும் மெத்துனு ஒண்ணு போடு. அவ தலை வைக்கிற பக்கம் தையல் வராம.”

உள்ளே இருந்து தம்பியின் குரல் கேட்டது. “அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்லப்பா” என்றார் பெரியவர்.