பழுதில்லை, பாட்டுதான்

பொர்க்ஹில்டின் இசைத்தட்டைப் பழுது என்று சொன்னவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அதில் பின்குரல் பாடியவள் நான் என்பதால் மட்டுமல்ல.

த்ரோண்ட்ஹெய்ம் நகரத்துக் காது மருத்துவமனையில் நாங்கள் இருவரும் உதவியாளர்கள். நோயாளியின் தலையில் ஹெட்போனை மாட்டி, மெல்லிய ஒலிகளை அனுப்பி, கேட்கிறதா என்று சோதிப்பதுதான் வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் மருத்துவமனை ஒரு பழைய சோதனைக் கருவியைக் கழித்துக் கட்டியபோது, பொர்க்ஹில்ட் அதைப் பனிச்சறுக்கு வண்டியில் வைத்து வீட்டுக்கு இழுத்துப் போனாள். ஒரு குளிர்காலம் முழுக்க அவள் சமையலறையில் பாட்டுகளைப் பதிவு செய்து, டேப்பை வெட்டி ஒட்டினோம். பனி அள்ளுவதில் பக்கத்து வீட்டுக்காரனோடு வந்த சண்டைகூடப் பாட்டானது. கருவியின் 'பீப்' ஒலிதான் தாளம்.

மூன்றாவது பாட்டுதான் அவளுடைய உயிர். படகில் கிளம்பிப் போகும் ஒருவனைப் பற்றியது. கடைசியில் குரல் நின்று ஒற்றை ஒலி மட்டும் மிஞ்சும். அதுவும் தேய்ந்துகொண்டே போகும். அவரவர் காதைப் பொறுத்து பாட்டு வேறு வேறு இடத்தில் முடியும். அந்த மாதிரி அதற்கு முன் யாரும் செய்து நான் கேட்டதில்லை.

ஓஸ்லோவில் ஒரு சின்னக் கம்பெனி அதை வெளியிட்டது. முதலாளி யெர்முன் வீக்கன். சில வாரங்களில் அவரே மருத்துவமனைக்குப் போன் செய்தார். பொர்க்ஹில்ட் ரிசீவரை என் பக்கமும் சாய்த்துப் பிடித்தாள்.

"கடைக்காரங்க எல்லாம் திருப்பி அனுப்புறாங்க. மூணாவது பாட்டுல சத்தமே போயிடுதாம்."

"போகத்தான் செய்யும். அப்படித்தானே செஞ்சிருக்கேன்."

"வாங்குறவனுக்கு அது எப்படித் தெரியும்?"

"அட்டையில எழுதியிருக்கு. நீங்களாவது படிச்சீங்களா?"

அவர் படித்திருக்கவில்லை. ஒரு பத்திரிகை விமர்சகரோ, தனக்கு வந்த தட்டு பழுது, மாற்றித் தரவும் என்று எழுதியதோடு சரி. மிச்சமிருந்த தட்டுகளை உருக்கி ஒரு அக்கார்டியன் நடனத் தட்டு போட்டார்கள். அது நன்றாக விற்றது.

"விடுடி, இன்னொன்னு செய்யலாம்" என்றேன்.

"எதுக்கு? அதையும் உருக்கவா?" என்றாள். அதன்பின் அவள் டேப்பைத் தொடவில்லை.

முப்பது வருடங்களுக்கு மேல் கழித்து, பெர்லினில் யாரோ பழைய தட்டுக் கடையில் ஒரு பிரதியைக் கண்டெடுத்தார்கள். பிறகு ஒரே புகழ்ச்சி. காலத்தை மிஞ்சிய மின்னிசை என்றார்கள். வீக்கன் உடனே மறுபதிப்புப் போட்டார். பின்னட்டையில், "முதல் நாளிலிருந்தே இந்தத் துணிச்சலான இசையின் பக்கம் நாங்கள் நின்றோம்" என்று அச்சிட்டிருந்தார். படித்ததும் அட்டையைத் தூக்கி வீசினேன். பொர்க்ஹில்டோ, பாட்டு வெளியே வந்தால் போதும் என்றிருந்தாள்.

எங்கள் ஊர் நூலகத்தில் வெளியீட்டு விழா. நரைத்த தலையோடு வீக்கன் மேடையில் இருந்தார். மூன்றாவது பாட்டைப் போட்டார்கள். கடைசி ஒலி தேயவில்லை. கணீரென்று நின்று, சட்டென்று முடிந்தது. கூட்டம் கைதட்டியது.

பொர்க்ஹில்ட் எழுந்து நின்றாள். "என் பாட்டை என்ன பண்ணீங்க?"

"பழைய டேப்புல சத்தம் குறைஞ்சு போயிருந்துச்சும்மா. நம்ம பசங்க சரி பண்ணிட்டாங்க" என்றார் பெருமையோடு.

"அன்னைக்குப் பழுதுன்னு உருக்குனீங்க. இன்னைக்குப் பழுதுன்னு ரிப்பேர் பண்ணியிருக்கீங்க. ஒரு தடவையாவது உட்கார்ந்து கேட்டீங்களா?"

யாரோ சிரித்தார்கள். வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று நினைத்தார்களோ என்னவோ. அவளிடம் அட்டையில் கையெழுத்து வாங்க வரிசை கட்டி நின்றார்கள். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். நானும் பின்னாலேயே போனேன்.

அந்தப் பதிப்பைத் திரும்பப் பெறச் சொல்லி வீக்கனுக்கு மூன்று முறை எழுதிப் போட்டோம். பதிலே இல்லை. இப்போதும் விற்பனையில் இருப்பது அந்தத் திருத்திய பாட்டுதான். அதைத்தான் கட்டுரைகளில் புகழ்கிறார்கள்.

கம்பெனியிடம் இருந்தது நகல்தான்; மூல டேப் அவளிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்க விரும்புகிறவர்கள் அவள் வீட்டுக்கு வரலாம். சாப்பிட வாஃபிளும் பழுப்புச் சீஸும் உண்டு. போன வாரம் ஒரு டிராம் ஓட்டுநர் வந்திருந்தார்.

மூன்றாவது பாட்டின்போது, "முடிஞ்சிருச்சா?" என்று மெல்லக் கேட்டார்.

"எனக்கு இன்னும் கேக்குது" என்றாள் பொர்க்ஹில்ட். "பேசாம உட்காருங்க."