கப்பலை இழந்த கப்டன்

கொடிகாமத்தில் பேருந்து ஏறியபோது அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. நாற்பது வயதிருக்கும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, காதில் இயர்போன். பேசுமுன் ஒவ்வொரு முறையும் முன்சீட்டுக் கம்பியை விரலால் தட்டுவார்.

"எல்லாரும் ஓடுங்கோ! நான் நிண்டு மறிக்கிறன்" என்றார் கைப்பேசியில்.

நான் திடுக்கிட்டேன்.

"விளையாட்டு அண்ணை" என்று சிரித்தார். "நான் ஒரு விண்கப்பலுக்குக் கப்டன். மற்றக் கப்பல்களிலை கனடா, பிரான்ஸ் எண்டு எங்கையெங்கையோ இருக்கிற ஆக்கள்."

"நானும் சேந்தா உதுக்கை என்ன செய்யவேணும்?"

"சண்டை எண்டு நினைச்சு வராதேங்கோ. முக்கால்வாசி நேரம் சாமான் ஏத்திறதும் காவல் நிக்கிறதும்தான்."

அதற்குள் கைப்பேசித் திரை சிவந்து இருண்டது; அவருடைய கப்பல் அழிந்துவிட்டது. அவர் கண்ணைத் துடைத்தார். வருடக்கணக்காகப் பாடுபட்டுக் கட்டிய கப்பலாம். இனித் திரும்பக் கிடைக்காதாம்.

"விளையாட்டுத்தானே, தங்கச்சி?"

"ஓம், விளையாட்டுத்தான். ஆனா மற்றவை எல்லாரும் தப்பிட்டினம்."

அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. கண் இன்னும் ஈரமாகவே இருந்தது.

நாவற்குழியில் அவர் இறங்க எழுந்தார். வாழ்த்துச் சொல்வதா, துக்கம் விசாரிப்பதா என்று தெரியாமல், "கவனமாப் போட்டு வாங்கோ" என்றேன். எது சரியென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.