பாவாயக்கா கேட்ட இணைப்பு

சூரமங்கலத்தில் நான் அச்சுக் கோக்கும் அச்சகத்தில் தொலைபேசி கிடையாது. எனக்கு யாராவது பேச வேண்டுமென்றால் எதிரே இருக்கும் மருந்துக்கடைக்குத்தான் அழைப்பார்கள். அன்று காலை கடைக்காரர் கை தட்டிக் கூப்பிட்டார். மறுமுனையில் எங்கள் தெருத் தறிக்காரர் ஒருவர். "பாவாயக்கா போயிருச்சு சாமி. அக்கரையில தார் சுத்திக்கிட்டு இருக்கறப்பவே சாஞ்சிருச்சு. இக்கரைக்குத் தூக்கியாந்துட்டோம். நீ கெளம்பி வா" என்றார்.

"அக்கரையிலா?" என்று நான் திருப்பிக் கேட்டதைக் காதில் வாங்கிய கடைக்காரர், காவிரிக்கு அக்கரை என்று நினைத்துக்கொண்டு, ஈரோட்டிலா இறந்தார் என்று விசாரித்தார். அவருக்கு விளக்க எனக்கு அப்போது தெம்பில்லை. நம் இணைப்புக் குழுவில் இருந்த நண்பர்களே, உங்களுக்கு விளக்கமே தேவையில்லை. ஆனாலும் அக்காவைப் பற்றி எழுதுவதென்றால் அந்தத் தெருவிலிருந்துதான் தொடங்க முடியும்.

பள்ளிபாளையத்துக்குக் கிழக்கே, லாரி வந்தால் மாட்டுவண்டி ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம்தான் எங்கள் தெரு. வடபுறம் ஓர் ஊராட்சி, தென்புறம் இன்னோர் ஊராட்சி. வடபுறத்தில் தறிப்பட்டறைகளும் முதலாளிகளின் மாடிவீடுகளும் ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயும். தென்புறத்தில் அந்தப் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகும் எங்கள் வீடுகளும், சாயக்கழிவு இறங்கி நிறம் மாறிப்போன ஒரு கிணறும். எந்தப் பக்கம் நின்றாலும் எதிர்ப்பக்கத்தை 'அக்கரை' என்போம். நடுவே ஓடுவது சாக்கடை மட்டும்தான். அதை இரண்டு ஊராட்சியுமே தூர்வாரியதில்லை.

பாவாயக்கா பிறந்த வீடு வடபுறம், குழாயடிக்குப் பக்கத்தில். புகுந்த வீடு தென்புறம், நேர் எதிரே. கல்யாணத்துக்கு வண்டி கட்டவில்லை, தெருவைக் கடந்து வந்ததோடு சரி. வந்தபின் வழக்கம்போலக் குடத்தோடு குழாயடிக்குப் போனவரை, நீ இனி வேற ஊராட்சி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "தாலி ஏறுன அன்னிக்கே எனக்குத் தண்ணி எறங்கிருச்சு" என்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். குழாய்ச் சாவி வடபுறத்து ஊராட்சியில் வேலை பார்க்கும் அவருடைய அண்ணன் செங்கோடனிடம் இருந்தது என்பதை மட்டும் சிரிக்காமல் சொல்வார். தங்கைக்கு ஒரு குடம் திறந்துவிட்டால் வேலை போய்விடும் என்று அவருக்குப் பயம். தங்கை அவரிடம் கேட்டதும் இல்லை. தீபாவளிக்குச் சீர் கொண்டு வருகிறவர், கிணற்றுத் தண்ணீரில் போட்ட காப்பியைத் தலை நிமிராமல் குடித்துவிட்டுப் போவார்.

பகல் முழுக்க வடபுறத்துப் பட்டறையில் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்கு நூல் சுற்றிக் கொடுப்பதுதான் அக்காவின் வேலை. தார் சுற்றுவது என்போம். பஞ்சுத் தூசி மூக்கிலும் வாயிலும் ஏறி, ஒரு வாக்கியத்துக்கு ஒரு முறையாவது இருமுவார். அவர் கை பட்ட நூல் தெருவைத் தாண்டி எங்கெங்கோ போகலாம். அவருடைய குடம் தாண்டக் கூடாது. இதற்குப் பெயர் ஊர் எல்லையாம்.

உள்ளாட்சித் தேர்தலே நடக்காமல் அதிகாரிகள் கையில் ஊராட்சிகள் கிடந்த ஆண்டுகள் அவை. இரண்டையும் ஒன்றாக்கக் கேட்டு நாம் குழு தொடங்கினோம். 'இரு ஊராட்சிகளுக்கும் இணைப்பு வழங்குக' என்று மனுவின் தலைப்பை நானே கோத்து அச்சடித்தேன். இணைந்தால் கூலிக்காரர் ஓட்டு கூடிவிடும் என்று வடபுறத்து முதலாளிகள் எதிர்த்தார்கள். இரண்டு தலைவர் நாற்காலி ஒன்றாகிவிடும் என்று எங்கள் பக்கத்துப் பெரிய மனிதர்களும் எதிர்த்தார்கள். இவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். சாயத்தண்ணீரை இவர்களும்தானே குடித்தார்கள்?

வேலை முடிந்து வந்து வீடு வீடாக மனுவைக் கொண்டுபோனவர் பாவாயக்கா. கையெழுத்தும் கைநாட்டும் குவிந்தன. சேலத்தில் மனுக் கொடுத்தபோது, நீங்கள் எந்த ஊராட்சி அம்மா என்று அதிகாரி அவரைக் கேட்டார். அக்கா சற்று இருமிவிட்டுச் சொன்னார்: "ஒழைக்கறது ஒரு ஊராட்சியிலங்க, ஒறங்கறது இன்னொண்ணுலங்க. நான் ஒரே ஆளுதானுங்க." அதிகாரி சிரித்தார். விசாரணைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

அந்த விசாரணையில்தான் நாம் தோற்றோம். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்த அதிகாரி, கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரையும் அழைத்து, எதற்காகப் போட்டீர்கள் என்று கேட்டார். "இணைப்புக்குங்க" என்றார்கள். என்ன இணைப்பு என்றார். "கொழாய் இணைப்புங்க." அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர், தனக்கு வாசலுக்குள்ளேயே குழாய் வேண்டும் என்று இடத்தையே காட்டினார். முதலாளிகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எனக்கு மரத்தில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கடைசியாக அக்காவின் முறை. "ரெண்டு இணைப்புக்குந்தானுங்க. எது மொதல்லன்னு நீங்களே எழுதிக்குங்க" என்றார்.

மக்கள் கேட்பது குடிநீர்தான், ஊராட்சி இணைப்பு அல்ல என்று மனுவைத் தள்ளினார்கள். சரி, அந்தக் குடிநீராவது வந்ததா? குழாய் அடுத்த ஊராட்சியின் சொத்து, நீட்ட முடியாது என்றார்கள். நம் சனங்களுக்கு ஒரு சொல்கூடச் சரியாகத் தெரியவில்லையே என்று தேநீர்க் கடையில் நான் கத்திக்கொண்டிருந்தேன். அக்கா என் தம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "ஏஞ்சாமி இப்படிக் கொதிக்கறே? அவங்க ஒண்ணும் தப்பாச் சொல்லலையே. ரெண்டு ஊரு சேர்றதுன்னா வேறென்ன? எல்லாரும் ஒரே கொழாயில கொடம் வெக்கறதுதானே."

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்பதைத் தாண்டாத முகம். இருமல் நின்றிருந்தது. குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் போன பெண்கள் கிணற்றடியில் தயங்கி நின்றார்கள். செத்த பிறகும் அவருக்கு அந்தத் தண்ணீர்தானா?

அப்போது செங்கோடன் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு தெருவைக் கடந்து வந்தார். சேலையைத் தங்கையின் காலடியில் வைத்தார். வைத்தவர் உட்காரவில்லை. திரும்பிப் போய், தண்ணீர் விடாத வேளையில் குழாயின் பூட்டைத் திறந்தார். முதல் குடத்தைத் தானே தோளில் வைத்துக் கொண்டுவந்தார். ஒரு குடத்தோடு நிறுத்திக்கொள் என்று பட்டறை முதலாளி வாசலிலிருந்து சொன்னார். செங்கோடன் நின்றார்.

"இது பொறந்தூட்டுத் தண்ணிங்க. இத்தனை கொடம்னு யாருங்க சொல்றது?"

பிறகு பட்டறைப் பெண்கள் தெருவின் குறுக்கே வரிசையாக நின்று குடங்களைக் கை மாற்றினார்கள். அக்காவைக் குளிப்பாட்டியது ஆற்றுத் தண்ணீர். அதற்குப் பிறகும் செங்கோடன் குழாயை மூடவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் அழுதுகொண்டே தங்கள் குடங்களையும் நிரப்பிக்கொண்டார்கள்.

மறுநாள் பூட்டு பழையபடி தொங்கியது. செங்கோடனை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பெண் பஞ்சைத் தின்று செத்தால்தான் ஒரு பகல் குழாய் திறக்கும் என்று ஆக்கி வைத்தவர்களைச் சொல்கிறேன்.

குழு நண்பர்களே, அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்திருப்பது அந்தத் தேநீர்க் கடையில் அவர் சொன்ன விளக்கம்தான். புது மனுவுக்கு அச்சுக் கோத்துவிட்டேன். 'இணைப்பு' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். 'இரண்டு ஊராரும் ஒரே குழாயில் குடம் வைக்க வேண்டும்' என்பதுதான் முதல் வரி. இனி எந்த அதிகாரி வந்து யாரைக் கேட்டாலும், நம் தெரு தப்பாகச் சொல்ல வழியில்லை.