பலாலிக்கு எழுபது மைல்

கொழும்பு ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் பிளேனில் ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும்தான் என்று எங்கள் ஊர்ப் பெரிய கமக்காரர் சொல்லாத நாள் இல்லை. ஒரேயொரு தடவை பறந்தவர். அவருடைய வயலை நான் நாலு போகம் குத்தகைக்குச் செய்தேன். அந்த நாளில் கனகராயன்குளத்தில் கார் வைத்திருந்தவரும் அவர் ஒருவர்தான்.

என் மனைவிக்குத் தலைப்பிள்ளை. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று மருத்துவிச்சி கைவிரித்துவிட்டாள். மத்தியான வெயிலில் ஓடிப்போய் அவர் வாசலில் நின்றேன். காரை மாமரத்தடியில் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தது.

"வண்டிலிலை கொண்டு போவன். இருபது மைல்தானே?" என்றார், சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பாமலே.

ஓமந்தை வருவதற்குள் மகள் மாட்டு வண்டிலிலேயே பிறந்தாள். அழவில்லை. மனைவி மட்டும் தப்பினாள். அன்றைக்கே கறுவிக்கொண்டேன். காலம் போனால் கோபம் ஆறும் என்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். என்னுடையதை நான் ஆறவிடவில்லை.

அவர் வயலை விட்டு மாங்குளத்துக்குப் போய், கார் ஓட்டப் பழகி, ஒரு கடைக்காரரின் வாடகைக் காருக்குச் சாரதியானேன். ஆறு வருடம் கழித்து ஒரு காலையில் அவரே என்னைத் தேடி டிராக்டரில் வந்து இறங்கினார். அவருடைய கார் அச்சு முறிந்து கிடந்ததாம். அன்று பின்னேரம் அவருடைய ஒரே மகன் கொழும்பில் சீமைக்குக் கப்பல் ஏறுகிறான். முதல் நாள் மெயில் ரயிலில் போயிருக்கலாம். சூடடிப்பு நடக்கிறது, நெல்லைக் களவெடுத்துவிடுவார்கள் என்று களத்தை விட்டு அசையாமல் இருந்துவிட்டார். பிளேன்தான் ஒரு மணித்தியாலத்தில் கொண்டுபோய்விடுமே! தெற்கே கிடக்கிற கொழும்புக்குப் போக, முதலில் வடக்கே எழுபது மைல் ஓட வேண்டும் என்பதை மனுஷன் யோசிக்கவே இல்லை.

"பத்து மணிக்குப் பிளேன். கெதியா விடு" என்றார்.

"ஓம் ஐயா" என்றேன்.

அந்தக் காரில் ஒரு பிழையும் இல்லை. இருந்தாலும் கிளிநொச்சியில் நிறுத்தி ரேடியேற்றரைத் திறந்து பார்த்தேன். பரந்தனில் இறங்கிச் சில்லுகளைத் தட்டிப் பார்த்தேன். ஆனையிறவில் எஞ்சின் சூடாகிவிட்டது என்று உப்புக்காற்று வாங்கிக்கொண்டு நின்றேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து வியர்த்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதை மறைத்து என்ன?

பலாலியை அடைந்தபோது பிளேன் பனைகளுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. தெற்கே திரும்பியது. அவருடைய வயல் கிடக்கிற திசைதான். அவர் பெட்டியை நிலத்தில் வைத்து அதன் மேலேயே இருந்துவிட்டார்.

"என்ரை பிள்ளையின்ரை முகத்தைப் பாக்காமல் போச்சுதே" என்று அழுதார்.

"வண்டிலிலை போங்கோவன் ஐயா. இருநூற்றைம்பது மைல்தானே?"

நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சொல் அவரைச் சுடும் என்று ஆறு வருடமாக நம்பியிருந்தேன். சுடவில்லை. அவருக்கு விளங்கவே இல்லை.

"என்ன கதைக்கிறாய்?"

"நானும் ஒருக்கால்தான் என்ரை பிள்ளையின்ரை முகத்தைப் பாத்தனான் ஐயா. ஓமந்தை ரோட்டிலை."

"எந்தப் பிள்ளை?" என்றார்.

பின்கதவைத் திறந்து அவரை ஏற்றினேன். திரும்பி வந்த எழுபது மைலும் மெதுவாகவே ஓட்டினேன். எந்தப் பிள்ளை என்று அவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.